புகையின் மண்டகப்படி

பொதிகை மலையின் நிழல் மாலைதோறும் வந்து தொட்டுத் திரும்புகிற தூரத்தில், வானம் பார்த்த செம்மண்ணில், நெல்லளந்தபுரம் என்றோர் ஊர் உண்டு. பஞ்சம் வந்த காலத்தில் ஈசனே இறங்கி வந்து தம் திருக்கரத்தால் நெல் அளந்து கொடுத்த தலம் என்பதால் அங்கே அவருக்கு நெல்லளந்த நாதர் என்று திருநாமம். பின்னொரு பஞ்சத்தில், அளப்பதற்கு ஈசன் இன்னும் எழுந்தருளாத நாளில், நாடு காண வந்த அரசன் ஒருவன் ஊரெல்லையில் தேரை நிறுத்தி, 'உங்களில் பசித்தவர் உண்டோ?' என்று கேட்டானாம். வயிற்றில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பூரண கும்பத்தோடு வரவேற்க வந்திருந்த ஊரார், 'இல்லை' என்று ஒரே குரலில் சொன்னார்களாம். அரசன் மகிழ்ந்தான், பின்னால் வந்துகொண்டிருந்த நெல்வண்டிகளை அடுத்த ஊருக்குத் திருப்பிவிட்டான், இவர்களுக்கு ஒரு கல்லை நட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். 'இவ்வூரில் பசித்தவர் இல்லை' என்று பொறித்த அந்தக் கல் இன்றும் எல்லையில் நிற்கிறது. ஊரார் அதற்கு வெள்ளிதோறும் எண்ணெய் சாத்துகிறார்கள்.

அன்றுமுதல் நெல்லளந்தபுரத்தில் 'சாப்பிட்டாச்சா?' என்று யார் கேட்டாலும் 'ஆச்சு' என்பதே விடை. உண்டவரும் 'ஆச்சு' என்றார், உண்ணாதவரும் 'ஆச்சு' என்றார், மரணப் படுக்கையில் கிடந்தவரும் பால் ஊற்ற வந்தவரிடம் 'ஆச்சு' என்றே சொல்லிக் கண்மூடினார். குழந்தைகள் 'அம்மா' என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக அந்தச் சொல்லைத்தான் கற்றன. கல்லைப் பொய்யாக்கிய பாவம் தன் குடும்பத்தின்மேல் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீடும் அஞ்சியது.

உலகம்மை அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்த ஊரில் அப்படிப்பட்ட கல் எதுவும் இல்லை. ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நெடுங்காலம் சோறு வடித்தாள். மற்ற நாளெல்லாம் தட்டில் மிச்சம் வைத்து எழுகிற பிள்ளைகள், திங்கட்கிழமை மட்டும் மறுசோறு கேட்டுத் தட்டை நீட்டுவதையும், மறுசோற்றுக்குப் பின்னும் எழாமல் விரலைச் சூப்பிக்கொண்டு அமர்ந்திருப்பதையும் அவள் பார்த்தாள். சனியும் ஞாயிறும் பள்ளிக்கு விடுமுறை, அடுப்புக்கும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் சேர்ந்துதான் திங்களன்று தட்டை நீட்டுகின்றன என்பது அவளுக்குப் புரிந்தபோது, நெல்லளந்த நாதர் சந்நிதியில் போய் நின்று, வழக்கமாக வேண்டுவது எதையும் வேண்டாமல், அவரையே சற்று நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு அவள் அந்த வேலையை விட்டாள். அவள் கணவர் கோமதிநாயகம் ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர், ஆனால் மனைவி சொன்ன திசையில் வண்டியைத் திருப்பத் தயங்காதவர். இருவருமாக ஊர்க்கோடியில் பூட்டிக் கிடந்த பழைய பஞ்சு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதன் செங்கல் புகைபோக்கியில் குடியிருந்த புறாக்களைக் கெஞ்சிக் கிளப்பிவிட்டு, கீழே பெரிய வாணலியை ஏற்றினார்கள். கேழ்வரகும் கம்பும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் அதில் பக்குவமாக வறுபட்டு, அரைபட்டு, சத்துமாவாகிப் பைகளில் அடைபட்டு, திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போய் நல்ல விலைக்கு விற்றன. நகரவாசிகள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்து உடம்பு இளைத்ததாக மகிழ்ந்தார்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் உலகம்மை வைத்திருந்தாள். வாணலியிலிருந்து இறங்கி அரைபட்ட முதல் படி மாவு விற்பனைக்குப் போகாது. அது கருப்பட்டிப் பாகோடு சேர்ந்து உருண்டையாகி, சனியும் ஞாயிறும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகும். அதற்குப் பிறகே பை, அதற்குப் பிறகே விலை. திருமடைப்பள்ளியில் இறக்கிய சோற்றை முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தானே பந்தி போடுகிறோம், அதுபோலத்தான் இதுவும் என்று அவள் வறுக்க வந்த பெண்களிடம் சொன்னாள். பந்தியே போடாத மடைப்பள்ளியில் நாளைக்கு நைவேத்தியமும் இராது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

ஆனால் உருண்டைகள் போன கூடையிலேயே திரும்பி வந்தன. தெருத் தெருவாகப் போய், 'பிள்ளை சாப்பிட்டாச்சா?' என்று அவள் கேட்டாள். கேட்ட வாசலிலெல்லாம் 'ஆச்சு' என்றார்கள். தாய்மார் சொன்னார்கள், தகப்பன்மார் சொன்னார்கள், தாயின் சேலைக்குப் பின்னாலிருந்து உருண்டையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே பிள்ளைகளும் சொன்னார்கள். மதுரைக்கு மாவு விற்கத் தெரிந்த உலகம்மைக்குத் தன் தெருவில் பசித்த பிள்ளை ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆலைக்குத் திரும்பிய கூடையைத் தேடி எறும்புகள் வந்தன. நெல்லளந்தபுரத்தில் அவைதாம் 'ஆச்சு' என்று சொல்லாத உயிர்கள்.

இப்படியே போனால் தான் நடத்துவது வெறும் மாவுக் கடை என்று அவள் கணவரிடம் சொன்னாள். வெறும் மாவுக் கடை நடத்தவா சாமியை முறைத்தேன் என்றும் கேட்டாள். கோமதிநாயகம் கூடையிலிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை முற்பகலில், புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை மேலே போகாமல், புகைபோக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறமாக இறங்கியது. இறங்கித் தரையில் நின்று, ஓர் ஆள் உயரத்துக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு, ஆலை வாசலைக் கடந்து, பிள்ளையார் கோயில் முக்கில் வலப்புறமாகத் திரும்பித் தெருவில் நடந்தது. குடையும் இல்லை, மேளமும் இல்லை. ஆயினும் உற்சவமூர்த்தி வீதியுலா புறப்படுகிறபோது என்ன நிதானமோ அந்த நிதானம். பீடி சுற்றிப் பிழைக்கிற முத்துப்பேச்சியின் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றது. வறுத்த கேழ்வரகின் மணம் தெருவெல்லாம் பரவியது.

முத்துப்பேச்சிக்கு இரண்டு பிள்ளைகள், ஊருக்கே போதுமான ரோஷம். அவள் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முறத்தை எடுத்துப் புகையை விசிறினாள். புகை விலகிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து நின்றது.

"போ அங்கிட்டு. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆச்சு. உனக்கு வேற சோலி இல்லியா?" என்று அதைக் கேட்டாள். பிறகு புகையின் பின்னாலேயே வந்துவிட்ட உலகம்மையைப் பார்த்து, "மதினி, உங்க புகையக் கூட்டிட்டுப் போங்க. நாலு பேரு பாக்காங்க," என்றாள்.

"நான் வளத்த ஆடா அது, கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போக?" என்றாள் உலகம்மை.

அவள் எதுவும் கேட்கவில்லை. பூவரச இலை ஒன்றில் இரண்டு உருண்டைகளை வைத்து, அந்த இலையைப் புகைக்குள்ளே இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். உள்ளிருந்து சின்னக் காலடிகள் வந்ததும் போனதும் கேட்டன. புகை விலகியபோது இலை மட்டும் இருந்தது. கேள்வி இல்லாததால் பொய்யும் இல்லை. கல்லுக்கு ஒரு கீறலும் விழவில்லை. புகை அடுத்த வாசலுக்கு நடந்தது.

இதைக் கண்டு ஊர் வியந்தது என்று சொன்னால் பொய்யாகும். சாமியே நெல் அளந்த ஊரில் புகை நடப்பதை ஒரு புதுமையாக யாரும் எண்ணவில்லை. அது எந்த வாசலில் நின்றது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. தபால்காரர் புகை நகரும்வரை சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக் காத்திருந்து பிறகு கடிதம் கொடுத்தார். நாய்கள் அதற்குக் குரைக்காமல் வழிவிட்டன. தீயிலிருந்து பிறந்ததால் புகைக்குத் தீட்டில்லை, வீட்டுப்படி ஏறலாம் என்று கோயில் பட்டர் சொன்னார். தேநீர்க் கடையில், புகைக்குப் பார்வை மங்கல், வீடு மாறி நிற்கிறது என்று ஒரு கட்சியும், அதற்குக் கண்ணே இல்லை, மூக்கு மட்டும் உண்டு என்று ஒரு கட்சியும் பிரிந்து நின்று வாதாடின.

பெண் பார்க்க வருகிற அயலூர்க்காரர்கள் மட்டும் இந்தச் செய்தியைத் தங்களுக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் நல்ல நாள் பார்த்து வந்தவர்கள், இப்போது சனிக்கிழமை பார்த்து வந்தார்கள். புகை நின்ற வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஊர் கலங்கிற்று. பெண்கள் கூடிப் பேசி, சனிக்கிழமை விடிந்ததும் எல்லா வாசலிலும் சாம்பிராணி போடுவது என்று முடிவு செய்தார்கள். எல்லா வாசலிலும் புகை இருந்தால் எது அந்தப் புகை என்று யாருக்குத் தெரியும்? மளிகைக் கடையில் சாம்பிராணி தீர்ந்து, கோயிலிலேயே கடன் வாங்கும்படி ஆயிற்று. ஊர் முழுவதும் மார்கழி மூடுபனியில் கிடந்ததுபோல் கிடந்தது. ஆயினும் அந்தப் பனிக்குள்ளும் கேழ்வரகு மணம் தனக்குரிய வாசலில் தனியாக நின்றது. உலகம்மை மூக்கைப் பிடித்துக்கொண்டு போகாமல் மூக்கைத் தொடர்ந்து போய் இலை வைத்தாள்.

முதலில் மாறியவள் முத்துப்பேச்சி. அவள் நாத்தனாரைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன், 'இது புகை நிக்க வீடுல்லா?' என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். அவள் சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். மறுவாரம் சனிக்கிழமை வாசலைச் சாணமிட்டு மெழுகி, செம்மண் கரையிட்டுப் பெரிய கோலம் போட்டு, நடுவில் ஒரு மணையை வைத்துக் காத்திருந்தாள். நெல்லளந்தபுரத்தில் தேர்த்திருவிழாவின்போது சாமி வழியில் சில வீடுகளின் முன்னால் நின்று மரியாதை பெற்றுப் போவார்; மண்டகப்படி என்று அதற்குப் பெயர். அந்தப் பேறு தலைமுறை தலைமுறையாக வசதியுள்ள வீடுகளுக்கே உரியது. முதல் மண்டகப்படி கோயில் தர்மகர்த்தா ஆவுடையப்பரின் வீட்டுக்கு.

புகை வந்து கோலத்தின்மேல் நின்றதும் முத்துப்பேச்சி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "பாத்துக்கிடுங்க. பெரிய வீட்டுக்கு வருசத்துக்கு ஒருக்கா மண்டகப்படி. எங்க வீட்டுக்கு வாரத்துக்கு ஒருக்கா."

அடுத்த வாரம் அந்தத் தெருவில் பாதி வாசல்களில் கோலம் இருந்தது.

ஆவுடையப்பரின் காதுக்கு இது எட்டியது. அவர் தீயவரல்லர், விடியுமுன் நீராடி, நீறு பூசி, பூசையில் கண்ணீர் மல்க நிற்பவர். பௌர்ணமிதோறும் கோயிலில் அன்னதானம் செய்பவர். அன்றைக்கு ஒலிபெருக்கியில் அவர் தந்தையின் பெயர் மூன்று தெருவுக்குக் கேட்கும். கல்லுக்கு எண்ணெய் சாத்துகிற உரிமையும் அவர் வீட்டுக்கே. மண்டகப்படி என்ற சொல்லை ஒரு பீடிக்காரி எடுத்தாண்டதை அவர் பொறுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த சனிக்கிழமை புகை அவருடைய பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. களஞ்சியம் நிறைந்த வீடு, கை நனைக்காமல் யாரும் போகாத வீடு. புகைக்கு வழி தவறிவிட்டது என்று அவர் சொன்னார். கேட்டவர்கள் மரியாதையாக ஆமோதித்தார்கள். ஊர்க்கூட்டம் கூட வேண்டும் என்று மறுநாளே பறை சாற்றியாயிற்று.

கூட்டம் அடுத்த சனிக்கிழமை நண்பகலில் கோயில் வசந்த மண்டபத்தில் கூடியது. ஆவுடையப்பர் குரலை உயர்த்தவில்லை. ஆலையைக் கோயில் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டால், மாவு விற்பனையே இல்லாமல் முழுதும் தர்மமாக நடத்தலாம், தன் தந்தையின் பெயரில் ஒரு பலகை வைத்தால் போதும், புகையும் கோயிலுக்குள் அடங்கிவிடும் என்றார். மறுத்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். பிறகு உலகம்மையைப் பார்த்து, ஒரு தகப்பன் சொல்வதுபோல், "தர்மம்னா தர்மமா இரு. வியாபாரம்னா வியாபாரமா இரு. ரெண்டையும் ஒரே வாணலில போட்டு வறுக்காத, தாயி. பிள்ளைக பசிய வச்சுக் காசு பாக்காளேன்னு ஊரு பேசுது," என்றார்.

உலகம்மை எழுந்து நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொல் தவறினால் ஆலை போகும், ஆலை போனால் சனிக்கிழமை போகும் என்பது மட்டும் அவள் மனத்தில் நின்றது.

"ஆமா அண்ணாச்சி, காசு பாக்கேன்," என்றாள். "ஒளிச்சு வைக்கல. லாபம் இல்லேன்னா அடுத்த மாசம் வாணலி ஏறாது. நீங்க பெரியவுக, உங்களுக்கு மனசு வந்தா பௌர்ணமிக்குச் சோறு போடுவீக. பிள்ளைக்குப் பௌர்ணமி பாத்தா பசிக்குது? மனசு வராட்டா நீங்க நிறுத்தலாம். என் கடைக்கு யாரு மனசும் வேண்டாம். மதுரைக்காரன் கஞ்சி குடிக்கிற வரைக்கும் நெல்லளந்தபுரத்துப் பிள்ளை உருண்டை திங்கும். பலகை வேண்டாம். ஆலையத் தர மாட்டேன்."

 பின்வரிசையிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது: "போன வாரம் பெரிய வீட்டு வாசல்ல நின்னுச்சே, அண்ணாச்சி. அது என்ன வியாபாரம்?"

ஆவுடையப்பரின் முகம் கறுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார். உலகம்மை, அணைக்கிறவர்கள் வந்து அணைக்கட்டும், என் கையால் அணைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். கூட்டம் ஆலைக்கு வந்தது. அவளே ஒரு குடம் நீரைக் கொண்டுவந்து அடுப்பின் முன் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை, எரிகிற அடுப்பில் நீர் ஊற்றுவது எவருக்கும் எளிதல்ல. பிறரைப் பாவம் செய்யச் சொல்கிற வழக்கம் ஆவுடையப்பருக்கு இல்லை. அவரே குடத்தைத் தூக்கி ஊற்றினார். அடுப்பு சீறி, கறுத்து, அடங்கியது. வாணலிக்கடியில் ஒரு கங்குகூட இல்லை என்பதைக் குனிந்து பார்த்தார்கள்.

நிமிர்ந்தபோது புகைபோக்கியிலிருந்து புகை இறங்கிக்கொண்டிருந்தது.

முன்னெப்போதையும்விட அடர்ந்து, இளங்கன்றின் வெதுவெதுப்போடு, கேழ்வரகு மணத்தோடு, அணைந்த அடுப்பைப் பொருட்படுத்தாமல் அது இறங்கியது. தரையில் நின்று, கூட்டம் பிளந்து கொடுத்த வழியே நடந்தது. முத்துப்பேச்சியின் பீடித் தெருவுக்குத் திரும்பவில்லை. தேரடி வழியாக நேரே போய், இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே நுழைந்து, பெரிய வீட்டின் படிக்கட்டில் தனியாகச் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் முன்னால் நின்றது. அவள் வடிவு, ஆவுடையப்பரின் பேத்தி. புகுந்த வீட்டில் வாழப் பிடிக்காமல் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்ட அவர் மகள் செண்பகவல்லியின் ஒரே பிள்ளை.

ஊரே கதவருகில் நின்றது. ஆவுடையப்பர் உள்ளே போனார். பேத்தியின் தலையைத் தடவி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தெளிவாகக் கேட்டார்:

"வடிவு, சாப்பிட்டாச்சா?"

அந்த வீட்டில் அவளை எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். மாமன் கேட்டார், மாமி கேட்டாள், சமையற்காரி கேட்டாள். எல்லோருக்கும் அவள் 'ஆச்சு' என்றாள், எல்லோரும் நம்பி அவரவர் வேலைக்குப் போனார்கள். வந்த இடத்தில் இரண்டு வயிறு கூடுதல் என்று மாமி ஒருநாள் முணுமுணுத்ததைக் கேட்ட பிறகு, கூடுதலான ஒரு வயிற்றைக் குறைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அந்தச் சொல் ஒன்றுதான். நிறைந்த களஞ்சியத்துக்கும் பசித்த பிள்ளைக்கும் நடுவே அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சுவர் இல்லை.

வடிவு தாத்தாவைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். புகை அவள் கன்னத்தருகே குனிந்திருந்தது.

"இல்ல தாத்தா," என்றாள். பிறகு, அதை ஏற்கெனவே சொல்லிவிட்டதால் மீதத்தையும் சொல்லிவிடலாம் என்பதுபோல், "நேத்தும் ஆகல," என்றாள்.

கதவுக்கு உட்புறத்தில் செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள். கல் நட்ட நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் உச்சரிக்காத விடை அது. வானம் இடியவில்லை, எல்லைக்கல் பிளக்கவில்லை. கூட்டத்தில் எங்கோ ஒரு பிள்ளை, "எனக்கும் ஆகல," என்றது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோய், பொத்தாமல் கையை இறக்கிக்கொண்டாள்.

 ஆவுடையப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கருவறை முன்னால் நிற்கும்போது கட்டுவதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டு, புகையின் முன்னால் கைகூப்பினார். உலகம்மை அவரைக் கடந்து போய் இலையை வடிவின் மடியில் வைத்தாள்.

"என்ன விலைம்மா?" என்று அவர் கேட்டார்.  வேறெதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க பேத்திக்கு விலை கிடையாது, அண்ணாச்சி," என்றாள் உலகம்மை. "உங்களுக்கு உண்டு."

அடுப்பை அன்று மாலையே முத்துப்பேச்சி மூட்டினாள். பௌர்ணமி அன்னதானத்துக்கு வேண்டிய மாவை ஆவுடையப்பர் இப்போது ஆலையில்தான் வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் விலை குறைக்கச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் உலகம்மை மறுக்கிறாள். இருவருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது. பெரிய வீட்டில் இப்போது வடிவுக்குத்தான் முதல் இலை. எல்லைக்கல் அங்கேயே நிற்கிறது. அதை எடுக்க யாருக்கும் மனமில்லை. எண்ணெய் சாத்தவும் யாருக்கும் நினைவில்லை. முதியவர்கள் சிலர் இன்னும் பழக்கத்தில் 'ஆச்சு' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைத் திருத்துகிறார்கள்.

போன சனிக்கிழமை புகை பீடித் தெருவைக் கடந்தது, தேரடியைக் கடந்தது, எந்த வாசலிலும் நிற்காமல் எல்லைக்கல்லையும் கடந்தது. நெல்வண்டிகளை அரசன் திருப்பிவிட்ட அந்த அடுத்த ஊரின் பாதையில் போய், திரும்பிப் பார்ப்பதுபோல் நின்றது. உருண்டைக் கூடைகளையும் உலகம்மையையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த கோமதிநாயகம் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"அது நம்ம ஊரு இல்லியே," என்றார்.

"அப்போ இன்னொரு மூட்டை ஏத்துங்க," என்றாள் உலகம்மை.

அவர் ஆலைக்குப் போய் ஏற்றி வந்தார், அதுவரை புகை அங்கேயே காத்து நின்றது. சாமி புறப்பாட்டில் சாமியை முந்திக்கொண்டு யாரும் போவதில்லை. ஆகவே கோமதிநாயகம் ஒலிப்பானை அடிக்காமல், முதல் கியரிலேயே, புகைக்குப் பின்னால் மெல்ல வண்டியை விட்டார்.